சிஸ்டம் அக்காவும் வீங்கிக்கொண்டே போன மெமரியும்

அவளுக்கு எதைக் கண்டாலும் பயம். சின்ன வயதில் அக்கா அவளுக்கு வைத்த பெயரே பயந்தாங்கொள்ளி. பல்லி, இடி, தெரியாத நம்பரிலிருந்து வரும் போன், "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்துவிட்டு ஒரு நொடி நிறுத்துகிறவர்கள், எல்லாமே அந்தப் பயத்தில் அடக்கம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பம்பு ரிப்பேர் செய்யும் அவள் கணவன் ஸ்கூட்டரை ஓடவிட்டபடியே நின்று, "நீ இழுக்கிற இழுப்புல பூட்டுக்கே தோள்பட்டை விட்டுப்போயிருக்கும்" என்பான்.

இப்படிப்பட்டவள் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்ததும் பயத்தால்தான். முதலில் அந்த ஆஸ்பத்திரியில் பில் போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடும். பழி தன் தலையில் விழுந்துவிடுமோ என்று பயந்து, அது ஏன் நிற்கிறது, எப்படி எழுப்புவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். அப்புறம் பக்கத்து மேஜைக்காரர் கூப்பிட்டார், அப்புறம் மருந்துக்கடை, அப்புறம் எக்ஸ்ரே. கடைசியில் பில் போடும் நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிட்டது. இவள் 'சிஸ்டம் அக்கா' ஆகிவிட்டாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவளுடைய பொறுப்பில் இருந்ததிலேயே அவள் மிகவும் பயந்தது கீழ்த்தளத்து ஸ்லைடு அறைக்குத்தான். நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துணுக்கு அங்கே வரும். மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்டுவார்கள். அந்த வேலையைச் செய்யும் பெண்மணிக்கு மெழுகக்கா என்று பெயர். ஒட்டிய கண்ணாடியை அவள் ஸ்கேனரில் வைத்தால் மிகப் பெரிய படமாக ஏறும். அதைப் பார்த்துக் கட்டி நல்லதா கெட்டதா என்று சொல்கிற டாக்டர் இரண்டு தெரு தள்ளியிருந்த பழைய கட்டடத்தில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியே போடாத அவரை எல்லோரும் கண்ணாடி டாக்டர் என்றார்கள், அவர் பார்ப்பதெல்லாம் கண்ணாடித் துண்டுகள் என்பதால்.

இங்கே ஏறும் படம் அங்கே போக ஒரு சிங்க் புரோகிராம் வைத்திருந்தாள். இந்தப் பக்கத்து ஃபோல்டரில் ஒன்று வந்தால் அந்தப் பக்கத்து ஃபோல்டரிலும் அது தானாக வரும். இங்கே மாறினால் அங்கேயும் மாறும். இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். இந்தக் கடைசிச் சமாச்சாரம்தான் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. "ஒரு பக்கம் தவறு நடந்தா ரெண்டு பக்கமும் போயிடுமே" என்று ஆரம்பத்திலேயே மேனேஜரிடம் சொல்லியிருந்தாள். அழிவதை எடுத்துவைக்கத் தனியாக ஒரு டிஸ்க் வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். அவர் மறுக்கவில்லை. அடுத்த கொள்முதலில் சேர்க்கலாம் என்றார். அந்த அடுத்தது வரவில்லை.

பிரச்சினை ஒரு நாள் மௌஸ் அம்பு தயங்கியதில் ஆரம்பித்தது. மெழுகக்கா கூப்பிட்டாள். "அம்பு எங்கேயோ யோசிச்சிக்கிட்டுப் போகுது, வந்து பாரேன்" என்றாள். சிஸ்டம் அக்கா எந்தெந்தப் புரோகிராம் எவ்வளவு மெமரி தின்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள். வழக்கமாக அடியில் எங்கோ சாதுவாகக் கிடக்கும் சிங்க் புரோகிராம் எல்லோரையும் தள்ளிவிட்டு உச்சியில் உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. ஏதோ ஒரு பிராணி மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. 

நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். குழந்தை மாதிரி சின்னதாகிவிட்டது. அப்பாடா என்று டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி உச்சியில். மறுநாளும் அதே கதை. சாயங்காலத்துக்குள் மெமரி தீர்ந்துபோய், கம்ப்யூட்டர் டிஸ்க்கையே மெமரியாகப் பாவித்து இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது. நிறுத்தி ஓடவிடும்போதெல்லாம் அது எல்லா ஃபைலையும் முதலிலிருந்து தடவிப் பார்க்கும். அது முடிகிற வரைக்கும் புதுப் படங்கள் வரிசையில் காத்துக்கிடக்கும்.

மேனேஜரிடம் போய் நின்றாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேஜை நிறைய வேலை இருந்தது, அவ்வளவுதான்.

"ரீஸ்டார்ட் பண்ணினா ஓடுதில்ல?"

"ஓடுது சார். ஆனா ஏன் இப்படி ஆகுதுன்னு தெரியாம ரீஸ்டார்ட் பண்றது பயமா இருக்கு."

"உனக்கு எதுதான் பயமில்ல, சொல்லு" என்று சிரித்தார். புது மெஷின் கேட்டிருக்கிறோம், வரும்வரை இப்படியே ஓட்டு என்றார்.

அவளும் சிரித்துவிட்டு வந்தாள். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளின் பயத்தை யார் பொருட்படுத்துவார்கள்? அவளே நம்புவதில்லை. பூட்டு எப்போதும் பூட்டியேதான் இருந்திருக்கிறது. அதனால் தினம் காலையில் ஒரு ரீஸ்டார்ட், மத்தியானம் ஒன்று என்று ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமுக்குமுன் விரல் ஒரு நொடி அந்தரத்தில் நின்றது.

அந்தக் காலை ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள். மார்பில் கட்டி. எடுத்துவிட்டார்கள், ஆனால் வெட்டிய ஓரத்தில் கெட்டது மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்தால்தான் தையல் போட முடியும். இம்மாதிரி நேரங்களில் மெழுகில் பதிக்கவெல்லாம் அவகாசம் கிடையாது. துணுக்கை உறையவைத்துச் சீவி, உடனே கண்ணாடியில் ஒட்டி ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார், அந்தப் பெண் மயக்கத்தில் கிடப்பாள்.

மெழுகக்கா கண்ணாடியை ஸ்கேனரில் வைத்தாள். எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் கோடு பாதி தூரம் ஓடி நின்றது. அம்பு அசையவில்லை. போன் அடித்தது. கண்ணாடி டாக்டர்.

"படம் வரலையேம்மா."

"இதோ வந்துடும் டாக்டர்" என்றாள் சிஸ்டம் அக்கா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

வைத்த உடனே அடுத்த போன், தியேட்டர் நர்ஸ். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த நர்ஸ் ரொம்ப மெதுவாகக் கேட்டாள். 

திரை ஒரு வழியாக அசைந்து கொடுத்தது. மெமரி முழுக்க நிரம்பியிருந்தது. வழக்கம்போல நிறுத்தி ஓடவிடத்தான் கை போயிற்று. அப்படி அமுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சில்லிட்டுப்போகும். அன்று பொத்தானுக்கு முன்னால் விரல் நின்றபோது, பழக்கதோஷத்தால், படங்கள் இருக்கும் ஃபோல்டரை ஒரு தடவை திறந்து பார்த்தாள்.

காலியாக இருந்தது.

ஃபோல்டர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அலமாரிக் கதவைத் திறந்தால் தட்டுகளையே காணோம் என்கிற மாதிரி. முதலில் அவளுக்குப் புரியவில்லை.  பிறகு மேஜைக்கடியில் குனிந்து பார்த்தாள். படங்கள் இருந்த டிஸ்க் தனிப்பெட்டியாக ஒரு வயரில் தொங்கியது. எரிந்துகொண்டே இருந்த அதன் விளக்கு அணைந்திருந்தது. திணறிய கம்ப்யூட்டர் டிஸ்க்கைக் கைவிட்டிருந்தது. படங்கள் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் சிங்க் புரோகிராமுக்கு அது தெரியாது. அது திறந்து பார்க்கும், காலி என்று காணும், எல்லாவற்றையும் யாரோ அழித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டும். டாக்டர் பக்கத்துக்கும் அதே உத்தரவு போகும். அங்கே பார்த்து முடித்தது, பாதி பார்த்தது, அவர் குறிப்பெழுதி வைத்தது, அத்தனையும் அழிந்து போகும். மெமரி நெருக்கடியில் அது மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்ததால்தான் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சுறுசுறுப்பாக முதல் வேலையாக அதைத்தான் செய்யும்.

அவள் யோசிக்கவில்லை. சுவரோரமாக ஓடிய நெட்வொர்க் கேபிளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கிளிப் உடைந்து தெறித்தது. இந்தக் கம்ப்யூட்டர் இனி என்ன நினைத்தாலும் யாரிடமும் சொல்ல முடியாது.

"என்னடி பண்ற? படம் போகணும்டி, உள்ள ஒருத்தி கிடக்கிறா" என்றாள் மெழுகக்கா.

"படம் போகாது. கண்ணாடியைக் குடுக்கா."

மெழுகக்கா ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஸ்கேனரைத் திறந்து கண்ணாடியை எடுத்து, சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து அவள் கையில் கொடுத்தாள். கீழே போட்டுடாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போட்டிருப்பாள்.

டாக்டரைக் கூப்பிட்டு நுண்ணோக்கியைத் தயாராக வைக்கச் சொல் என்று மெழுகக்காவிடம் சொல்லிவிட்டு அவள் ஓடினாள். நடைபாதையில் ஆட்கள், ஸ்ட்ரெச்சர்கள், ஈரத் தரை. வழுக்கினால் தீர்ந்தது. வாசலுக்கு வெளியே வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. ரோட்டைக் கடக்கப் பக்கத்தில் யாராவது வரும்வரை நிற்கிறவள் அவள். அன்று பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்தித் திட்டினான். அவள் கால்கள் தன்பாட்டுக்கு ஓடின. மனசு மட்டும் மயக்கத்தில் கிடந்த, முகம் தெரியாத அந்தப் பெண்ணிடமே நின்றது. திறந்த காயத்தோடு எவ்வளவு நேரம் ஒருத்தியை வைத்திருப்பார்கள்? மயக்கம் தெளிந்துவிட்டால்?

பழைய கட்டடத்தில் கண்ணாடி டாக்டர் நுண்ணோக்கியின் உறையைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். வாங்கியதும் உட்கார்ந்து கண்ணை வைத்தார்.  கண்ணாடியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். ஓர் இடத்தில் நிறுத்திப் பார்த்தார், மறுபடி வந்து அதே இடத்தில் நிறுத்தினார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் தியேட்டரைக் கூப்பிட்டார். "கீழ் ஓரத்துல இருக்கு. இன்னும் கொஞ்சம் எடுங்க. மத்த பக்கமெல்லாம் சுத்தம்." வைத்துவிட்டு இவளைப் பார்த்தார். "உட்காரும்மா, ஓடி வந்திருக்கே."

அவள் உட்காரவில்லை. அவருடைய கம்ப்யூட்டரில் படங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னாள். அவர் திறந்தார். வரிசையாக இருந்தன. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் கேபிளையும் கையோடு பிடுங்கினாள். நான் சொல்லும்வரை யாரும் செருகக் கூடாது என்றாள். அவரிடம் அவள் அந்தக் குரலில் அதுவரை பேசியதில்லை.

திரும்பி வந்ததும் மேனேஜர் ஸ்லைடு அறை வாசலில் நின்றார். நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. இந்தத் தடவை சிரிக்கவில்லை. சாயங்காலம் வரை அவசரத் துணுக்கு வந்தால் கண்ணாடியாகவே கொண்டுபோக ஓர் ஆளை நிறுத்தினார். அவளிடம், "என்ன வேணுமோ எடுத்துக்கோ" என்றார்.

அவள் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். படங்கள் இருந்தன. ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் தொட்டாள். பிறகு சிங்க் புரோகிராமுக்குள் போய் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். ரிப்போர்ட் ஃபோல்டரை நிறுத்தினாள், மெமரி அசையவில்லை. பழைய படங்களை நிறுத்தினாள், கொஞ்சம் குறைந்தது. இந்த மாதத்துப் படங்களை நிறுத்தியதும் சரசரவென்று இறங்கியது. அப்படியானால் புண் இங்கேதான்.

உள்ளே போய்ப் பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. முன்பெல்லாம் ஒரு கண்ணாடிக்கு ஒரே ஒரு பெரிய ஃபைல். இப்போது ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் தரையில் கல் பதித்த மாதிரி ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிப் படங்கள். சிங்க் புரோகிராம் பாவம், ஒவ்வொரு குட்டிப் படத்தின் பெயர், அளவு, தேதி, அடையாளம் எல்லாவற்றையும் ஞாபகம் வைக்கப் பார்த்தது. ஞாபகம் நிரம்பி வழிந்தது.

எப்படி இப்படி ஆயிற்று என்று விசாரித்தால் யார் மேலும் குற்றமில்லை. பெரிய படம் திறக்கத் தாமதமாகிறது என்று கண்ணாடி டாக்டர் சொல்லியிருக்கிறார். சர்வீசுக்கு வந்தவர், துண்டு துண்டாகச் சேமித்தால் சீக்கிரம் திறக்கும் என்று ஸ்கேனரில் ஓர் அமைப்பை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். திறந்தது சீக்கிரமாகத்தான். சிங்க் இருப்பது அவருக்குத் தெரியாது, அவர் வந்துபோனது இவளுக்குத் தெரியாது.

ஸ்கேனரைப் பழையபடி ஒரே ஃபைலாகச் சேமிக்க மாற்றினாள். ஏற்கெனவே துண்டாகிப்போன படங்களையும் ஒரே ஃபைலாகச் சேர்த்துக் கட்டவைத்தாள். துண்டு ஃபோல்டர்களைத் தொடாதே என்று சிங்க்குக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தொடாதே என்றால் அதை அழி என்று அது எடுத்துக்கொண்டால்? உண்மைப் படங்களில் பரீட்சை பார்க்கத் தைரியமில்லை. தன் போனிலிருந்த செருப்புப் படத்தையும் பூட்டுப் படத்தையும் இரண்டு வெற்று ஃபோல்டர்களில் போட்டு, இங்கே தடுத்தால் அங்கே என்ன ஆகிறது என்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி செய்து பார்த்தாள். டிஸ்க்கில் ஓர் அடையாள ஃபைல் வைத்தாள். அது கண்ணில் படாவிட்டால் சிங்க் எதையும் செய்யாமல் நிற்க வேண்டும் என்று கட்டளை போட்டாள். டிஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சோதித்தாள், நின்றது. அங்கே அழிகிற எதுவும் உடனே போகாமல் ஒரு தனி ஃபோல்டரில் கிடக்கட்டும் என்றும் வைத்தாள். அதற்கான டிஸ்க்கை மேனேஜர் வேறொரு பிரிவிலிருந்து தானே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

வேலை முடிந்து கேபிளைச் செருகும்போது அவளுக்குக் கை வரவில்லை. டாக்டர் தன் பக்கத்துக் கேபிளைச் செருகிவிட்டுப் போனில் இருந்தார்.

"இருக்கா டாக்டர்?"

"இருக்கும்மா."

"இப்போ?"

"இருக்கு, இருக்கு. ஒண்ணும் போகல."

மெமரி கொஞ்சம் ஏறி, நின்று, சாதுவாகப் படுத்தது. மெழுகக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தான் தினமும் செய்த ரீஸ்டார்ட்டுகள் மனதை அரித்தன. மெமரி தீர்ந்து திணறிய நேரங்களில் பாதியில் நின்ற ஸ்கேன்கள் என்ன ஆயின? மெழுகக்காவை உட்கார வைத்து, அலமாரியில் முடிந்தது என்று அடுக்கியிருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, படம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது, இருந்தது, இருந்தது. அப்புறம் ஒன்று இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி வேறொன்று இல்லை. பாதி எழுதி நின்றதை ஸ்கேனர் குப்பை என்று நினைத்துத் தானே அழித்திருந்தது. அந்த அழிப்பையும் சிங்க் கர்மசிரத்தையாக டாக்டர் பக்கம் கொண்டு சேர்த்திருந்தது. வந்ததே தெரியாத படத்தை அவர் எப்படித் தேடுவார்?

மெழுகக்கா கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தாளுக்கு இன்னும் ரிசல்ட் வரலைன்னு சொல்லி ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்கடி" என்றாள்.

படம் காணாமல் போன கண்ணாடிகளை மறுபடி ஏற்றினார்கள். டாக்டர் உடனே பார்த்தார். மற்றதில் பயப்பட ஒன்றுமில்லை. அந்த ஆளுடையது மட்டும் அப்படியில்லை. டாக்டர் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

"தாமதமானது என்னாலதான் டாக்டர்" என்றாள் அவள். "திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் பண்ணது நான்."

"நாளைக்கே சர்ஜனைப் பார்க்க வரச் சொல்லியிருக்கேன். வைத்தியம் இருக்கு. ஆனா முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன்" என்றார் அவர்.

வீட்டில் சொன்னபோது கணவன் எந்த ஜோக்கும் அடிக்கவில்லை. சாப்பிட்ட தட்டை அவனே எடுத்துப்போய்க் கழுவினான்.

மறுநாள் அவள் ஸ்லைடு அறையிலிருந்து வெளியே வரும்போது ஒரு மனிதர் நடைபாதையில் திகைத்து நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை, கையில் மடித்த சீட்டு. அதிலிருந்த எண் அவள் கண்ணில் பட்டது. அலமாரியில் பார்த்த அதே எண். 

"தங்கச்சி, இந்த ரூம் எந்தப் பக்கம்? போனவாட்டியெல்லாம் முன்னாடி கவுண்டர்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்கு நேரா டாக்டரையே பார்க்கச் சொல்றாங்க" என்றார். "அப்ப எல்லாம் நல்லபடியாத்தான் இருக்கும், இல்ல?"

அவள் சீட்டை வாங்கி ரூம் நம்பரைப் பார்த்தாள். 

"வாங்கண்ணா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

நீளமான நடைபாதை. அவர் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தார். மகள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம், தனக்கு லீவு கிடைப்பதுதான் கஷ்டமாம். அவள் உம் கொட்டினாள். கதவு வந்ததும் தட்டித் திறந்துவிட்டு, அவர் உள்ளே போய் உட்காரும்வரை நின்றாள். சர்ஜன் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார். கதவு மூடிக்கொண்டது.

அவள் திரும்பி வந்து ஸ்லைடு அறையில் உட்கார்ந்தாள். அன்றைய முதல் தட்டுக் கண்ணாடிகள் ஸ்கேனாகி ஏறியிருந்தன. கண்ணாடி டாக்டரின் உதவியாளரைப் போனில் கூப்பிட்டு, அங்கே வந்த ஒவ்வொன்றின் எண்ணையும் படிக்கச் சொன்னாள். அவர் படிக்கப் படிக்க, மெழுகக்கா அந்தந்தக் கண்ணாடியை ஒவ்வொன்றாக எடுத்து, முடிந்தவற்றோடு அலமாரியில் அடுக்கினாள்.